ஒயர்மேன்னா உங்களுக்கு அவ்வளவு கேவலமா?



நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் முதல் பங்கு எனக்கு. மீதியை உங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறேன்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். "டீச்சர், நீங்க கூட வந்தா எங்களுக்கு ஒரு கௌரவமா இருக்குமுங்க" என்று அவன் அம்மா கூப்பிட்டதால் நானும் போனேன். பையனுக்கு வயது 33. அவிநாசியில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். அவனிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். குடி, சிகரெட் கிடையாது. பெயரைப் போட மாட்டேன்.

காபி வந்தது, முறுக்கு வந்தது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "பையன் என்னங்க டீச்சர் பண்றாரு?" என்று கேட்டார். பையன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "எலக்ட்ரிக்கல் இன்ஜினியருங்க" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. தெக்கலூர் தாண்டிய பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "டீச்சர், நான் இன்ஜினியர் இல்லீங்களே. லைசென்ஸ் வாங்குன கான்ட்ராக்டருங்க. அவங்க அதைக் கேவலமா நெனச்சாப் பரவால்லீங்க. நீங்க மறைச்சதுதான் ஒரு மாதிரியா இருக்குதுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஏன் மறைத்தேன் என்று அன்று ராத்திரி யோசித்தேன். வகுப்பில் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், "ஒழுங்காப் படிக்கலைன்னா ஒயர் இழுக்கத்தான் போகோணும்" என்று! உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். மேஸ்திரி வேலை, பெயின்ட் அடிக்கிற வேலை, பனியன் கம்பெனி என்று ஒவ்வொரு தொழிலையும் பூச்சாண்டி மாதிரி காட்டிக் காட்டித்தான் உங்களைப் படிக்க வைத்தேன். அந்தப் பையன் அப்போது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா அப்போது மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் தொழில் தண்டனை மாதிரியானது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

என் தவறை ஒப்புக்கொண்டேன். இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

அவன் என்ன படித்தான் தெரியுமா? பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம். பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்து டிப்ளமா. அதன் பிறகு பல வருடம் அடுத்தவரிடம் வேலை. நம் மாநிலத்தில் மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று ஒன்று இருக்கிறது. கம்பியாளுக்குத் தனித் தகுதிச் சான்று, மேற்பார்வையாளருக்குத் தனித் தகுதிச் சான்று, ஒப்பந்ததாரருக்கு உரிமம் என்று படிப்படியாக அது கொடுக்கிறது. சான்று பெற்ற ஆட்கள் இருக்க வேண்டும், மெக்கர், எர்த் டெஸ்டர் போன்ற சோதனைக் கருவிகள் சொந்தமாக இருக்க வேண்டும். உரிமத்தைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். வீட்டு ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. இது புதிதும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது.

நானும் ஆசிரியர் பயிற்சியில் டிப்ளமாதான் வாங்கினேன். அந்த ஒரு டிப்ளமாவை வைத்துக்கொண்டு எனக்கு ஊரெல்லாம் எழுந்து நின்று கும்பிடு போட்டார்கள். அவனும் டிப்ளமாதான். அவனை வாசலிலேயே நிற்க வைத்து, "தம்பி, அந்த ஸ்விட்ச் என்னன்னு பாரு" என்கிறீர்கள். கையில் சாக்பீஸ் ஒட்டினால் மரியாதை, கிரீஸ் ஒட்டினால் மரியாதை இல்லை. கையால் செய்கிற வேலை தாழ்ந்தது என்கிற நினைப்பு நம் ஊரில் சாதியோடு சேர்ந்தே வளர்ந்தது. சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் பேசுகிறவர்களும் மாப்பிள்ளை பார்க்கும்போது கை பார்க்கிறார்கள்.

சரி, பெண் கொடுப்பது உங்கள் இஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு வேலைக்காவது அவன் பேச்சைக் கேட்கிறீர்களா?

என் நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் வீடு கட்டினார். தேக்கு நிலவு, ஹாலில் ஜிப்சம் சீலிங், அதைச் சுற்றிக் கலர் கலராக விளக்கு. ஒயரிங் கொட்டேஷன் வந்ததும், ஆர்.சி.சி.பி. எதற்கு, இரண்டு எர்த் குழி எதற்கு என்று இரண்டையும் பேனாவால் அடித்தார். கான்ட்ராக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "எங்க பழைய ஊட்ல நாப்பது வருசமா எர்த்தே இல்லீங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை" என்று பதில். கடைசியில் பாதிக் கூலிக்கு ஒப்புக்கொண்ட வேறொரு ஆளை வைத்து முடித்தார். அந்த ஆளுக்கு உரிமம் கிடையாது. பேப்பரில் கையெழுத்துப் போட மட்டும் உரிமம் உள்ள ஒருவரைப் பிடித்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஈரக் கையோடு வாஷிங் மிஷினைத் தொட்ட அவருடைய மருமகளைத் தூக்கி எறிந்தது. சுவரில் மோதி விழுந்ததால் கை விட்டுப் போய்ப் பிழைத்தாள். இன்றைக்கும் அந்த மிஷின் பக்கம் போக மாட்டாள். என் சொந்தக்காரர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தை மறந்தவர்களுக்காக மறுபடி சொல்லித் தருகிறேன். பழைய 40 வாட் குண்டு பல்பு எரிவதற்கு ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். ஒரு ஆளின் இதயத்தை நிறுத்த அதில் பாதி போதும். உங்கள் வீட்டில் இருக்கிற 16 ஆம்பியர் எம்.சி.பி. பதினாறாயிரம் மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். அது ஒயர் எரிந்து போகாமல் காப்பாற்ற வைத்தது. ஆளைக் காப்பாற்ற வைத்ததில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காப்பாற்றும். எர்த் ஒயர் கசிவை மண்ணுக்குள் இறக்கும். நம் அவிநாசிப் பக்கத்து மண் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை, ஆயிரம் அடி போர் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்ந்த மண்ணில் மின்சாரம் லேசில் இறங்காது. அதனால்தான் குழியை ஆழமாகத் தோண்டு, கோடையில் தண்ணீர் ஊற்று என்று அவன் சொல்கிறான். நீங்கள் அதைக் கூலி ஏற்றுகிற தந்திரம் என்கிறீர்கள்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஒவ்வொரு வருடமும் பத்தாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்களே, மறந்துவிட்டதா? நம் ஊரில் சித்திரைத் தேர் ஓடுகிறபோது வடம் பிடித்தவர்கள் போட்டோவெல்லாம் உங்கள் பக்கத்தில் பார்க்கிறேன். தேர் வருவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, கம்பத்தில் ஏறிக் கம்பியை அவிழ்த்துவிட்டு, தேர் போனதும் மறுபடி கட்டுகிற ஆளை ஒருவராவது போட்டோ எடுத்திருக்கிறீர்களா? நான்கு ரத வீதியிலும் தேர் பத்திரமாக வருவதற்கு அவிநாசியப்பர் அருளோடு அந்த லைன்மேனும் காரணம்.

இந்தக் கொங்கு மண் யாரால் எழுந்தது என்பதையாவது நினைத்துப் பாருங்கள். 1932இல் பைகாராவில் மின்சாரம் எடுத்தார்கள். அது கோயம்புத்தூருக்கு இறங்கி வந்த பிறகுதான் மில்கள் வரிசையாக எழுந்தன, கிணற்றில் கவலை ஓட்டியவர்கள் மோட்டார் போட்டார்கள். நம் தாத்தாக்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான். ஒவ்வொரு கிணற்றுக்கும் கம்பி இழுத்தவன் யார்? காயில் எரிந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தவன் யார்?

கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடுவை எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒட்டாதவர். பட்டம் இல்லாதவர். மோட்டார் வண்டியைப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டவர். 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் செய்தார்கள். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்குப் பாலம் கட்டி, 2025இல் அவர் பெயரை வைத்துத் திறந்தோம். அந்தப் பாலத்தின் மேலேதான் நீங்கள் காரில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறீர்கள். இன்றைக்கு இருபத்தைந்து வயது ஜி.டி. நாயுடு பெண் கேட்டு வந்தால், "பையன் டிகிரி இல்லீங்களாமே, ஒர்க்‌ஷாப்புல இருக்கறாராமே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையும் சொல்ல வேண்டும். அறுபது வருடம் கேட்டோம், உண்ணாவிரதம் இருந்தோம். 2024 ஆகஸ்ட் 17இல் திறந்தார்கள். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கிற தண்ணீரை, 6 நீரேற்று நிலையங்கள் மூலம் மேடேற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர் தானாக மேடேறாது. மோட்டார் ஓடினால்தான் ஏறும். மோட்டார் ஓட, பேனல் முன்னால் ராத்திரி பகலாக ஒருவன் நிற்க வேண்டும். குளத்தில் தண்ணீர் வந்த அன்றைக்குப் பூத் தூவினோம். பேனல் முன்னால் நிற்பவனை யாரும் நினைக்கவில்லை.

இனி உங்கள் பதில்களும் எனக்குத் தெரியும்.

"சொன்ன நேரத்துக்கு வர மாட்டாங்க டீச்சர்." உண்மை. சில பேர் வருவதில்லை. பில் கொடுப்பதில்லை, சுவரை உடைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். என் மாணவர்களான எலக்ட்ரீஷியன்களே, இது உங்களுக்கு. மரியாதை கேட்கிறவன் வேலையில் கணக்காக இருக்க வேண்டும். வர முடியாவிட்டால் ஒரு போன் செய்யுங்கள். எழுதிக் கொடுங்கள். எர்த் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த வேலையை விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் உரிமத்தைக் கையெழுத்துக்கு வாடகை விடாதீர்கள். என் மருமகளைப் போன்ற பெண்ணை எறிந்த வீட்டுப் பேப்பரிலும் ஒரு உரிமக்காரரின் கையெழுத்து இருக்கிறது.

"நிரந்தர வருமானம் இல்லையே." ஐ.டி. கம்பெனியில் ஒரே மெயிலில் ஆளை எடுக்கிறார்களே, அது நிரந்தரமா? தொழிலில் வருமானம் ஏறி இறங்குவதற்கு நீங்களும் ஒரு காரணம். வேலை முடிந்து மூன்று மாதம் மீதிப் பணத்துக்கு அவனை நடக்க விடுகிறீர்கள். ஆஸ்பத்திரியில் ஃபீஸ் கட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறீர்கள். அவனிடம் மட்டும், "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி."

ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் அண்ணன் மகன் இதைப் படிப்பான். அந்த நாட்டில் சொந்த வீட்டில் ஒரு பிளக் பாயின்ட்டைக்கூட நாமாக மாற்றக் கூடாது. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். அவர் வந்து வாசலில் நிற்பதற்கே தனிக் கட்டணம். அங்கே வாய் திறக்காமல் கொடுக்கிறாய் கண்ணு. லீவுக்கு அவிநாசி வந்தால் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறாய்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒயரிங் வேலை கொடுக்கும்போது, ஜாதகம் கேட்பது போல உரிம எண்ணைக் கேளுங்கள். எர்த்திலும் ஆர்.சி.சி.பி.யிலும் மட்டும் பேரம் பேசாதீர்கள். பேசிய கூலியை வேலை முடிந்த அன்றே கொடுங்கள். வீட்டுக்கு வந்தவனுக்கு, உங்கள் பையனின் ஆபீஸ் நண்பனுக்குக் கொடுக்கிற அதே நாற்காலியையும் அதே டம்ளரையும் கொடுங்கள். இப்போது ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களே, நான் சொன்ன அந்த ஒயர் வாக்கியத்தை உங்கள் வகுப்பில் சொல்லாதீர்கள். என்னோடு போகட்டும்.

எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஃபிட்டர், மேஸ்திரி, டெய்லர், எந்தத் தொழிலில் இருந்தாலும் சரி, என்னிடம் படித்தவர்கள் கீழே பெயரையும் தொழிலையும் எழுதுங்கள். "சும்மா சின்ன வேலைதான் டீச்சர்" என்று எழுதினால் பழைய மாதிரி காதைத் திருகுவேன்.

கடைசியாக ஒன்று. மறுநாளே அந்தப் பெண் வீட்டுக்கு நானே போன் செய்தேன். "நான் சொன்னது பொய்யுங்க. பையன் இன்ஜினியர் இல்லை. உரிமம் வாங்கின எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். ஆறு குடும்பத்துக்குச் சோறு போடறான்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யோசிச்சுச் சொல்றோமுங்க டீச்சர்" என்றார் பெண்ணின் அப்பா.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
அவிநாசி