மியூனிக்கில் வாங்கப்பட்டது யாருடைய காலம்?

இரு போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பாவைப் பற்றிய வகுப்புகளிலும் கருத்தரங்குகளிலும் தவறாமல் ஒலிக்கும் வாதம் ஒன்றுண்டு. 1938 செப்டம்பரில் சேம்பர்லின் விட்டுக்கொடுத்ததால் பிரிட்டனுக்கு ஏறத்தாழ ஓராண்டு அவகாசம் கிடைத்தது. அதற்குள் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பெருகின, கடலோர ரேடார் நிலையங்கள் வலுப்பெற்றன. ஆகவே மியூனிக் ஒப்பந்தம் கோழைத்தனமன்று, கணக்கு என்பதே அவ்வாதம். இதில் சொல்லப்படும் தகவல்கள் பொய்யல்ல. ஆனால் இந்தக் கணக்கேட்டில் வரவு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. செலவுப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

அந்தச் செலவைச் சுமந்த நாடு செக்கோஸ்லோவாக்கியா. ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கும் அதன் எல்லையைத் திருத்தி எழுதியபோது அதற்கு அந்த மேசையில் இடமில்லை. ‘எங்களைப் பற்றி, நாங்கள் இல்லாமல்’ என்று செக் மக்கள் அதை இன்றும் நினைவுகூர்கின்றனர். சுடேட்டன்லாந்து ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மன் மொழியினரின் வாழிடம் மட்டுமன்று. அந்நாட்டின் மலை அரணும் கோட்டை வரிசையும் அங்கேதான் இருந்தன. செப்டம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்ட படைதிரட்டலுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அந்தப் படை போரிடாமலேயே பின்வாங்க வைக்கப்பட்டது.

‘வெர்சாய் அநீதியின் திருத்தம்’ என்ற சமாதானமும் நிற்காது. சுடேட்டன்லாந்தின் மிகப்பெரும் பகுதி 1914இல் ஜெர்மனியுடையதே அன்று. அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நிலம். சுயநிர்ணயம் என்ற போர்வையும் ஆறு மாதத்திற்குள் கிழிந்தது. 1939 மார்ச் 15 அன்று ஹிட்லரின் படை நுழைந்த பிராக், செக் மக்களின் தலைநகரம்.

அவகாசம் இரு தரப்புக்கும் பொதுவானது என்பதை இவ்வாதம் மறைக்கிறது. ஸ்கோடா ஆயுத ஆலை சேதமின்றி ஜெர்மனியின் கைக்கு வந்தது. செக் ஆலைகளில் உருவான டாங்கிகள் 1939இல் போலந்திலும் 1940இல் பிரான்சிலும் ஜெர்மானியப் படையில் உருண்டன. ரோமலின் ஏழாவது கவசப் படைப்பிரிவு அவற்றைக் கொண்டே பிரான்சைக் கடந்தது. பிராக் வீழ்ந்த அதே மாதத்தில், லண்டனில் வைக்கப்பட்டிருந்த செக் தேசிய வங்கியின் சுமார் 23 டன் தங்கம், பாஸல் நகரின் பன்னாட்டுத் தீர்வு வங்கி வழியாக ஜெர்மன் மத்திய வங்கியின் கணக்கில் ஏறியது. பிரான்ஸ் தன் நட்பு ஒப்பந்தத்தைக் கைவிட்டது; சோவியத் ஒன்றியம் மியூனிக்குக்கு அழைக்கப்படவே இல்லை. 1939 ஆகஸ்ட் 23 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கைக்கு இது மட்டுமே காரணமன்று. ஆயினும் இதை ஒதுக்கிவிட்டு அதை விளக்க இயலாது.

போரிட்டிருந்தால் செக் படை தோற்றிருக்கும் என்பர். தோற்றிருக்கலாம். ஆனால் போரிட்டுத் தோற்கும் நாடு தன் ஆலைகளையும் ஆயுதங்களையும் பழுதின்றி ஒப்படைப்பதில்லை. தோல்வி நிச்சயம் என்று தீர்மானிக்கும் உரிமையும் லண்டனுக்கு இல்லை.

இந்தக் கணக்கின் கடைசி வரி கல்விப்புலத்தினருக்கே உரியது. 1939 அக்டோபர் 28 அன்று பிராக் ஆர்ப்பாட்டத்தில் சுடப்பட்ட மருத்துவ மாணவர் யான் ஓப்லெட்டால் நவம்பர் 11 அன்று இறந்தார். அவரது இறுதி ஊர்வலமும் எதிர்ப்பாக மாறியது. நவம்பர் 17 அன்று செக் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். சுமார் 1,200 மாணவர்கள் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். பன்னாட்டு மாணவர் நாள் நவம்பர் 17இல் அமைந்தது இதனால்தான்.

அந்த நாளுக்குச் சுவரொட்டி ஒட்டும் பல்கலைக்கழக வளாகத்திலேயே ‘மியூனிக் அவகாசம் ஈட்டித் தந்தது’ என்ற விடைக்கு முழு மதிப்பெண் வழங்கப்படுகிறது. யாருக்கு, யாருடைய செலவில் என்ற இரு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்ணே அதிகம்.