காசு ஒழிந்தால் கவலை ஒழியுமா?

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இன்று கணினித் துறையில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். தியாகராய நகரில், பனகல் பூங்காவின் அருகே ஒரு மாலைப் பொழுதில் நம்மைக் கண்டு, ஸலாம் உரைத்து, உடன் நடந்தார். எங்கெங்கோ சுற்றிய பேச்சு உஸ்மான் சாலை நகைக்கடைகளின் வெளிச்சத்தில் வந்து நின்றது. "ஹஜ்ரத், இந்தக் கடைகளுக்கெல்லாம் இனி அதிக நாள் இல்லை. உழுவதும் நெய்வதும் சமைப்பதும் எந்திரங்களின் வேலையாகிவிடும். பூமியின் வளம் முழுவதும் எல்லாருக்கும் பொது. வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். காசு என்ற சொல்லை அகராதியில்தான் தேட வேண்டியிருக்கும்" என்றார்.

அவருடைய கண்களில் ஒளி இருந்தது. அதைக் கெடுக்க நமக்கு மனமில்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு பாதி, நம் முன்னோர் நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த உண்மை. மறுபாதி, மனிதனைப் பற்றிய அறியாமை. இரண்டும் கலந்து வருவதால்தான் இக்கனவு இளைஞர்களை மயக்குகிறது. நெல்லையும் பதரையும் பிரித்துக் காட்டுவது நம் கடமை.

கனவு புதியதன்று. அமெரிக்க எழுத்தாளர் எட்வர்டு பெல்லமி 1888-இல் வெளியிட்ட நாவலொன்றில், 2000-ஆம் ஆண்டின் மக்கள் காசின்றி வாழ்வதாகக் கற்பனை செய்தார். அந்த ஆண்டு வந்தது, போயிற்று, காசு போகவில்லை. பின்னர் அதே நாட்டின் ஜாக் ஃப்ரெஸ்கோ (1916–2017), எந்திரங்கள் உழைக்க, கணினிகள் பங்கிட, காசும் கடனும் இல்லாத நகரங்களை வரைபடங்களாகவும் மாதிரிகளாகவும் செய்து காட்டினார். நூறாண்டு வாழ்ந்து அவர் மறைந்தார். அந்த நகரங்கள் மாதிரிகளாகவே நின்றுவிட்டன.

கடல் கடந்து போவானேன்? சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியை அடுத்து ஆரோவில் இருக்கிறது. காசு எசமானாக இராத ஓர் இடம் வேண்டும் என்று மீரா அல்ஃபாசா அம்மையார் 1954-இல் எழுதினார். 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு நகரைத் தொடங்கினார்கள். நிலமும் வீடும் எவருக்கும் சொந்தமில்லை என்பது அங்கே விதி. மாதந்தோறும் ஒரு தொகையைப் பொதுவில் சேர்த்துவிட்டு, வேண்டியதை எடுத்துச் செல்லும் பண்டகசாலையும் உண்டு. பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேட்டை இலட்சக்கணக்கான மரங்களால் பசுமையாக்கியிருக்கிறார்கள். நல்லதை நல்லதென்று ஒப்புவதே நேர்மை, ஒப்புகிறோம்.

ஆனால் என்ன நடந்தது? அம்மையார் 1973-இல் மறைந்ததும், நகரை ஆளும் உரிமை யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. 1980-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தலையிட நேர்ந்தது. 1988-இல் மற்றொரு சட்டம் வந்து, சொத்துகள் மைய அரசு நியமிக்கும் ஆட்சிக்குழுவைக் கொண்ட ஓர் அமைப்பின் கைக்குப் போயின. 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களை வீழ்த்த மண்வாரி எந்திரங்கள் வந்தபோது, குடியிருப்போரில் ஒரு சாரார் குறுக்கே நின்றனர். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் சென்று, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 50,000 பேருக்கென வகுத்த நகரில் இன்று இருப்போர் மூவாயிரத்துச் சொச்சம். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே நாள்தோறும் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் வாங்கிச் செல்வது காசாகிய கூலியைத்தான். காசை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 'யார் முடிவு செய்வது?' என்ற கேள்வியை நிறுத்த முடியவில்லை.

இது மென்மையான உதாரணம். கொடிய உதாரணமும் உண்டு. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் கூட்டத்தார் நாணயத்தையே ஒழித்தனர், சந்தையை மூடினர், எல்லாருக்கும் பொதுச் சமையல் என்றனர். சமையல் கரண்டி எவன் கையில் இருந்ததோ அவனே உயிருக்கும் எசமானனானான். பல இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நாட்டின் சாம் இனத்து முஸ்லிம்கள் பெருந்தொகையாக அழிக்கப்பட்டனர். 1980-இல் நாணயம் திரும்பி வந்தபோதுதான் ஏழை மறுபடியும் தனக்கென ஒருபிடி அரிசி வாங்க முடிந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாணயத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார்கள். கண்ணாடிக்குத் தன் நிறம் என்று ஒன்று இல்லை. ஆனால் எல்லா நிறத்தையும் காட்டும். அதுபோல நாணயம் தன்னளவில் விரும்பத்தக்கதன்று. பொருளுக்கும் பொருளுக்கும் இடையே நின்று தீர்ப்புச் சொல்லும் நடுவர் அது. அதைப் பூட்டி வைப்பவன் நடுவரைச் சிறையில் அடைத்தவனுக்கு ஒப்பாவான் என்பது இமாமவர்களின் கருத்து. ஆகவே குற்றம் நடுவரைச் சிறைப்படுத்தியவன் மீது. நடுவரையே கொன்றுவிடுவோம் என்பவர்கள் வழக்கைத் தீர்க்கவில்லை. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று ஆக்குகிறார்கள்.

"இப்போதே காசு மறைந்து வருகிறதே!" எனலாம். ரங்கநாதன் தெருவில் பூ விற்கும் அம்மாளும் சதுரக் கட்டம் அச்சிட்ட அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். கைப்பேசியைக் காட்டினால் முழம் மல்லிகை கிடைக்கிறது. ஆனால் மறைந்தது தாள் மட்டுமே, கணக்கு மறையவில்லை. முன்பு அவருடைய முந்தானை முடிச்சில் இருந்த கணக்கு, இப்போது அவர் முகமறியாத நிறுவனத்தின் பேரேட்டில் இருக்கிறது. இதைக் காசில்லாச் சமுதாயத்தின் விடியல் என்று கொண்டாடுவது பேதைமை.

எந்திரம் விடுதலை தரும் என்ற நம்பிக்கையையும் இதே தெருவில் வைத்துச் சோதிப்போம். இந்த நகரத்துக் கடைகளில் பிள்ளைகளும் பெண்களும் நாள் முழுவதும் கால்கடுக்க நின்றே துணி விரித்துக் காட்டினார்கள். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டம் செய்தது 2021-இல்தான். நாற்காலி செய்யும் வித்தை அதுவரை மனிதனுக்குத் தெரியாதா? கருவி பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்தது, மனம்தான் இல்லை. நாளை துணி விரித்துக் காட்ட எந்திரம் வந்தால், அந்தப் பிள்ளைகள் உட்காருவார்களா, ஊருக்கு அனுப்பப்படுவார்களா? எந்திரம் யாருடையது என்பதைப் பொறுத்தது விடை.

கனவின் உண்மையான பாதி இங்கேதான் இருக்கிறது. யமன் நாட்டு மஃரிபில் இருந்த உப்பளத்தைத் தமக்கு அளிக்குமாறு ஒரு தோழர் வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்தார்கள். அது வற்றாத ஊற்று நீரைப் போன்றது, எவரும் எளிதில் அள்ளிக்கொள்வது என்று சபையில் ஒருவர் எடுத்துரைத்ததும், கொடுத்ததைத் திரும்பப் பெற்றார்கள். நீரும் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொது என்பதும் அவர்கள் வகுத்த நெறியே. உழைப்பின்றி ஊறுவதைத் தனியொருவன் அடைத்துக்கொள்ளலாகாது என்பது இதன் உட்பொருள். கோடிக்கணக்கான மக்களின் எழுத்தையும் பேச்சையும் தொழிலறிவையும் உண்டு வளர்ந்து, மனிதக் கை படாமலே பயன் சுரக்கும் எந்திரம் வருமானால், அதுவும் அந்த உப்பளம் போன்றதே. அதன் பயனைச் சில முதலாளிகள் மட்டும் அள்ளுவதை நம் நெறி ஒப்பாது. இவ்வளவில் நம் மாணவரோடு நாம் ஒன்றுபடுகிறோம்.

ஆனால் பொது என்று சொன்னால் மட்டும் போதுமா? நாமும் அவரும் நின்று பேசிய இடமே ஒருகாலத்தில் பொதுநீர். மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து, 1920-களில் எழுந்ததே தியாகராய நகர். நம் நாட்டு ஏரிகள் பொதுச் சொத்தாக வாழ்ந்தது, எவரும் எதையும் எடுக்கலாம் என்று விட்டதனாலன்று. மடை திறக்க ஓர் ஆள். அவருக்குக் களத்தில் நெல். வரப்புக்கு வரப்பு முறை. ஆண்டுக்கொரு முறை குடிமராமத்து. காவலும் கணக்கும் கூலியும் இருந்தவரை ஏரி இருந்தது. காவல் போயிற்று, ஏரி போயிற்று. 2015-லும் 2021-லும் மழைநீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்து, இத்தெருக்களில் முழங்காலளவு நின்றதை நாம் கண்டோம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பொதுவளச் சமுதாயத்தை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அது வக்ஃபு என்ற பெயரில் நம் கையிலேயே இருக்கிறது. விற்கவோ வாரிசுக்கு எழுதவோ இயலாத சொத்து. பயன் மட்டும் மக்களுக்கு. அதை நாம் எப்படிப் பேணினோம்? நாம் இளமையில் ஓதிய மத்ரஸாவுக்கு ஒரு தனவந்தர் கடையொன்றை வக்ஃபு செய்திருந்தார். தெருவில் மற்றக் கடைகளின் வாடகை பன்மடங்கு ஏறிய பின்பும் இதன் வாடகை ஏறவில்லை. எடுத்தவர் அதை உள்வாடகைக்கு விட்டு இலாபம் கண்டார். எங்கள் கஞ்சியில் ஆண்டுதோறும் தண்ணீர் கூடிற்று. அவர் அந்நியர் அல்லர். முதல் வரிசையில் நின்று தொழுதவர். நாங்கள் ஸலாம் சொன்னோம், கணக்குக் கேட்கவில்லை. 2025-இல் வக்ஃபுச் சட்டத்தைத் திருத்தியபோது நாம் பதறினோம், பதறியது தகும். ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் எத்தனை மஹல்லாக்களில் வக்ஃபுக் கணக்கு ஜமாஅத்தார் முன் வாசிக்கப்பட்டது?

ஆகவே அந்த மாணவருக்கும், அவரையொத்த இளைஞர்களுக்கும் நாம் சொல்வது இது. காசை ஒழிக்கும் நாளுக்காகக் காத்திராதீர்கள். உங்கள் கணினி அறிவைக் கொண்டு உங்கள் மஹல்லாவின் வக்ஃபுச் சொத்துகளைப் பட்டியலிடுங்கள். வாடகையைச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். ஜுமுஆவுக்குப் பின் எழுந்து நின்று வாசியுங்கள். முதல் வரிசையில் சிலருடைய முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். ஒரு கடையின் வாடகையை நேர்மையாகப் பங்கிடத் தெரியாத நாம், உலகத்தின் வளத்தைப் பங்கிடப் போகிறோம் என்றால் யார் நம்புவார்?