மிச்சம் மீதிக்கு நம் வயிறுதான் தொட்டியா?

பல வருடங்களாக இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 52. சமையலறைதான் என் அலுவலகம்.

போன வருடம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "நீங்களும் கையைக் காட்டுங்கம்மா" என்றார். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தவர், "நாளைக்கு வெறும் வயித்தோட சுகாதார நிலையத்துக்கு வந்துடுங்க" என்றார்.

மறுநாள் போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. எடை 71 கிலோ. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "நூறுக்குக் கீழே இருக்கணும். 126-ஐத் தொட்டா சர்க்கரை நோய். நீங்க அதோட வாசப்படியில நிக்கிறீங்க. இப்பவே திரும்பினா திரும்பிடலாம்."

"நான் மூணே இட்லிதான் டாக்டர் சாப்பிடுறேன்" என்றேன்.

"அது சரி, எல்லாருக்கும் போட்டு முடிச்சப்புறம் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு வாயடைத்துப் போயிற்று.

காலையில் பேரன் கடித்துவிட்டு வைத்த தோசை. மதியம் சட்டியில் ஒட்டிய ஒரு கரண்டி சாதம், "இத எடுத்து வைக்கணுமா" என்று வழித்துப் போட்டுக்கொண்ட உருளைக்கிழங்கு வறுவல். நாலு மணிக்கு காபியோடு முறுக்கு டப்பாவின் அடித்தூள். ராத்திரி பத்து மணிக்கு, மீந்த சப்பாத்தி இரண்டு. இதையெல்லாம் நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை. 'வீணாப் போகுதே' என்ற கணக்கில்தான் எழுதியிருந்தேன். ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒரே கணக்குதான்!

சகோதரிகளே, இதைச் சிக்கனம் என்கிறோம். என் அபிப்பிராயத்தில் இது சிக்கனமே இல்லை. ஒரு கரண்டி சோற்றை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரைக்குச் செலவழிப்பதா? என் அம்மாவும் கடைசியாகச் சாப்பிட்டு, மீந்ததைச் சாப்பிட்டு வாழ்ந்தவர்தான். சர்க்கரை முற்றி, 58 வயதில் கால் விரலை எடுத்தார்கள். அம்மாவுக்கு வந்ததால் எனக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தும் நான் அதே பாதையில் போனேனே என்பதுதான் என் வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும் மளிகை நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு வேளைக் காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். மூன்று வேளைக்கு 30. மாதத்துக்கு 900 கிராம்! ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரையை நான் ஒருத்தி மட்டும் காபியிலேயே குடித்திருக்கிறேன். எண்ணெய் நாலு பேருக்கு மாதம் ஆறு லிட்டர். கணக்குப் போட்டால் ஆளுக்கு தினம் 45 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின் மாதிரித் தட்டில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தே 27 கிராம்தான். காய்கறியோ 400 கிராம். எங்கள் வீட்டில் காய் என்பது சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மட்டும்தான்.

மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் என் தட்டில் எனக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டு எல்லோருடனும் உட்காருகிறேன். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும், அப்புறம் பருப்பு அல்லது முட்டை, மீதிக்குச் சாதம். மீந்தால் உடனே டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில். காபிக்கு அரை ஸ்பூன். முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். எண்ணெய்க்கு மாதம் நாலு லிட்டர்தான் என்று வரம்பு.

ஒரு விஷயம். 'சப்பாத்தி சாப்பிட்டா சர்க்கரை ஏறாது', 'கேழ்வரகுன்னா எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்' என்று பலர் சொல்கிறார்கள். எண்ணெய் விட்டுச் சுட்ட நாலு சப்பாத்தி, சாதத்துக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, வாஸ்தவம். ஆனால் அதுவும் தானியம்தான், அளவு முக்கியம். 'பத்து நாளில் பத்து கிலோ' என்று பவுடர் விற்க ஒருவர் வந்தார். அதற்குப் பணத்தையும் கொடுத்து ஏமாந்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்!

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அம்மி, உரல், கிணறு இருந்த காலத்தில் சரி. இப்போது அரைக்க மிக்ஸி, துவைக்க மெஷின். வேலை நம்மை அலுப்பாக்குகிறது, மூச்சு வாங்க வைப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள். விடிகாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். முதல் வாரம் முழங்கால் வலி. மெதுவாகத்தான் கூட்டினேன்.

"காலையில காபி யார் போடுவா?" என்றார் என் கணவர். "நீங்கதான்" என்றேன். முதல் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இப்போது டிகாஷன்கூட அவரே இறக்குகிறார். நாம் கேட்காமல் யாரும் நமக்கு அரை மணி நேரம் கொடுக்கப் போவதில்லை.

எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 98. எடை மெஷின் இல்லாதவர்கள் தையல் டேப்பை எடுங்கள். நம் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டரை, அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைக்காதீர்கள்.

போன வாரம், கட்டிக்கொடுத்த என் மகள் போனில் பேசினாள். "மீந்த உப்புமாவ நானே சாப்பிட்டுட்டேம்மா, வீணாப் போகுதேன்னு" என்றாள். எனக்குத் திக்கென்றது. இந்தப் பழக்கத்தைப் பாட்டியிடமிருந்து நான் வாங்கி, அவளுக்கும் கொடுத்துவிட்டேனே! "நாளையிலேர்ந்து அரை ஆழாக்கு ரவை குறைச்சுப் போடுடி" என்று சொல்லிவிட்டு, அதே சூட்டில் உங்களுக்கும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்வது சரிதானே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.