யார்க்ஷயர் விரட்டிய கேப்டன்

இங்கிலாந்து ஆல்ரவுண்டர் என்றதும் பலருக்கும் போத்தம், ஃபிளின்டாஃப் பெயர்கள்தான் ஞாபகம் வரும். ரே இல்லிங்வொர்த் என்றால் "யாரு அது?" என்பார்கள். 61 டெஸ்ட், 1836 ரன், 122 விக்கெட். பேட்டிங் சராசரி 23தான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் சாதாரண வீரர். ஆனால் கவுண்டி கிரிக்கெட்டில் ஒரு கேப்டன் என்ன செய்ய முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1932-ல் யார்க்ஷயரின் பட்ஸியில் பிறந்தவர். ஆஃப் ஸ்பின் போடுவார், நடுவரிசையில் பேட் செய்வார். 1959 முதல் 1968 வரை யார்க்ஷயர் ஏழு முறை கவுண்டி சாம்பியன் ஆனது. ஏழிலும் இவர் பங்கு உண்டு. அந்த மண்ணில் பிறந்தவர்கள் மட்டுமே ஆடலாம் என்று வைத்திருந்த கவுண்டி அது. அங்கே ஆடுவதே பெரிய கௌரவம் என்று நிர்வாகம் நினைத்தது. அதனால் யாருக்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கிடையாது!

1968-ல் இல்லிங்வொர்த்துக்கு வயது 36. இன்னும் சில வருடங்களுக்கு உத்தரவாதம் கேட்டார். நிர்வாகம் மறுத்தது, போவதானால் போகலாம் என்று விட்டுவிட்டது. பதினேழு வருடம் உழைத்தவன் அடுத்த வருடச் சோற்றுக்கு வழி கேட்பது பேராசையா? விசுவாசம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் விசுவாசம் இல்லை.

1969-ல் லெஸ்டர்ஷயர் அவரை கேப்டனாக்கியது. அதுவரை ஒரு முறைகூட சாம்பியன் ஆகாத கவுண்டி. சேர்ந்த சில வாரங்களிலேயே இங்கிலாந்து கேப்டன் கௌட்ரி காயமடைய, அந்தப் பதவியும் இவரைத் தேடி வந்தது. தற்காலிக கேப்டன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இவரோ லார்ட்ஸில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 113 அடித்தார். 1970-71-ல் ஆஸ்திரேலியா போய் 2-0 என்று ஆஷஸை மீட்டார். கடைசி டெஸ்டில் சிட்னி ரசிகர்கள் ஜான் ஸ்னோவின் சட்டையைப் பிடித்து இழுத்து, பீர் கேன்களை வீசியபோது, அணியையே மைதானத்தை விட்டு வெளியே கூட்டிப் போனவர் இவர். தன் ஆட்களுக்காக நிற்கும் கேப்டன்!

தோல்வியும் உண்டு. 1971-ல் ஓவலில் சந்திரசேகர் 6 விக்கெட் எடுக்க, 101-க்குச் சுருண்டு இந்தியாவிடம் தொடரை இழந்தது இவர் அணிதான். 1973-ல் வெஸ்ட் இண்டீஸிடம் தோற்றதும் கேப்டன் பதவி போனது.

இவருடைய பெரிய சாதனை ஆஷஸ் இல்லை, லெஸ்டர்தான். 1972-ல் முதல் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை. இறுதிப்போட்டியில் தோற்றது யார் தெரியுமா? யார்க்ஷயர்! 1975-ல் லெஸ்டர்ஷயர் வரலாற்றில் முதல் கவுண்டி சாம்பியன்ஷிப். அந்த அணியில் பால்டர்ஸ்டோன், பிர்கன்ஷா இருவருமே யார்க்ஷயரிலிருந்து வந்தவர்கள். செஸ்டர்ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டத்தில் பால்டர்ஸ்டோன் 51 நாட் அவுட். அன்று மாலை டான்காஸ்டருக்குப் போய் கால்பந்து ஆடினார், மறுநாள் காலை திரும்பி வந்து சதம் அடித்தார். பெரிய நட்சத்திரங்களை நம்பாமல், இப்படிப்பட்ட ஆட்களை ஒன்று சேர்த்து ஜெயிக்க வைத்ததுதான் கேப்டனின் வேலை.

அவரை அனுப்பிய யார்க்ஷயர்? அடுத்த சாம்பியன்ஷிப்புக்கு 2001 வரை, 33 வருடம் காத்திருந்தது. அதற்கு இவர் போனது மட்டும் காரணமில்லைதான். ஆனால் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்காத நிர்வாகம் எப்படித் தேயும் என்பதை அது காட்டியது. கடைசியில் 1979-ல் அவரையே மேனேஜராகக் கூப்பிட்டார்கள். 1982-ல், ஐம்பது வயதில், மறுபடி கேப்டன்! 1983-ல் ஞாயிறு லீக் கோப்பை ஜெயித்தார். அதே வருடம் சாம்பியன்ஷிப்பில் கடைசி இடம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021 கிறிஸ்துமஸ் அன்று இல்லிங்வொர்த் காலமானார். முதல்தர கிரிக்கெட்டில் 24,000 ரன்களுக்கு மேல், 2072 விக்கெட். டெஸ்ட் கணக்கை மட்டும் வைத்து ஆல்ரவுண்டர்களை வரிசைப்படுத்துபவர்கள் இவரைக் கீழே வைப்பார்கள். ஒன்றுமே ஜெயிக்காத கவுண்டியை சாம்பியன் ஆக்கியதை எந்தச் சராசரியில் சேர்ப்பார்களாம்?