ஒரே ஆள் சொல்வது விலை அல்ல

2022 அக்டோபரில், பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ஃபோன்டெய்ன்ப்ளோ என்ற ஊரில் ஓர் ஏலம் நடந்தது. நீலமும் வெள்ளையுமாக, டிராகனும் மேகமும் வரைந்த ஒரு சீனப் பீங்கான் பூஜாடி. உயரம் 54 சென்டிமீட்டர். வெளிநாட்டில் வசிக்கும் ஒருவருக்காக, பிரிட்டனி பகுதியில் இருந்த குடும்ப வீட்டைக் காலி செய்தபோது வந்த சாமான். ஏலக் கம்பெனியின் நிபுணர் பார்த்துவிட்டு, இது 20ஆம் நூற்றாண்டில் செய்த சாதாரண அலங்காரப் பொருள், 1,500 முதல் 2,000 யூரோ வரை போகும் என்று எழுதினார். ஏலத்தில் அது 77 லட்சம் யூரோவுக்குப் போனது. கமிஷன் எல்லாம் சேர்த்து 91 லட்சம் யூரோவைத் தாண்டியது.

இந்த மாதிரி செய்தியைப் படித்தவுடன் நம்மில் பலருக்கு ஊர் வீட்டுப் பரண் ஞாபகத்துக்கு வரும். "பாட்டி வைத்திருந்த அந்த ஜாடி எங்கே போச்சு?" என்று தங்கைக்கு உடனே போன் போடுவோம். அது இயல்பு. ஆனால் இந்தச் செய்தியில் நமக்கான பாடம் ஜாடியில் இல்லை, ஏலத்தில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். விற்றவருக்கு அதன் மதிப்பு தெரியாது. நிபுணரோ 2,000 யூரோவுக்கு மேல் போகாது என்றார். இருந்தும் விற்றவருக்கு முழு விலை கிடைத்தது. எப்படி? போட்டோ எடுத்து கேட்லாக்கில் போட்டார்கள். பார்வைக்கு வைத்தார்கள். பல பேர் வந்து கையில் எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். "இது 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு" என்று நம்பியவர்கள் ஒருவர் அல்ல, பல பேர். அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதியதில் விலை ஏறியது. நிபுணர் சொன்னது சரியா, வாங்கியவர் நினைத்தது சரியா என்பது தனிக் கதை. நிபுணரும் கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவில் நடந்தது. 2007இல் நியூயார்க் மாநிலத்தில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில் ஒரு குடும்பம் வெள்ளைக் கிண்ணம் ஒன்றை 3 டாலருக்கு வாங்கியது. சில வருடம் வரவேற்பறையில் வைத்திருந்தார்கள். பிறகு விசாரித்தால், அது சுமார் ஆயிரம் வருடம் பழைய, சீனாவின் சாங் வம்சக் காலத்து 'டிங்' வகைக் கிண்ணம். 2013 மார்ச்சில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவரின் அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். 3 டாலருக்கு விற்றவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்கும் பிரான்ஸ்காரருக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை. இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒருவர் பல பேர் முன்னால் வைத்தார், இன்னொருவர் வாசலில் வந்தவரிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஏலச்சீட்டு போட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போட்டிக்கு ஆள் இல்லாத மாதம் தள்ளுபடி எப்படி இருக்கும், நாலு பேருக்கு அவசரம் வந்த மாதம் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும்.

சரி, ஏலத்தில் சுத்தி தட்டிவிட்டால் பணம் வந்துவிட்டதா? அதுவும் இல்லை. 2010 நவம்பரில், லண்டனின் மேற்கே ரைஸ்லிப் என்ற இடத்தில், பெய்ன்பிரிட்ஜஸ் என்ற சின்ன ஏலக் கம்பெனி ஒரு சீன ஜாடியை விற்றது. சியன்லாங் பேரரசர் காலத்தது. இதுவும் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததுதான். மதிப்பீடு 8 முதல் 12 லட்சம் பவுண்டு. போனது 4.3 கோடி பவுண்டு! உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை. இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் 2013இல் வேறொருவருக்குத் தனிப்பட்ட முறையில் கைமாறியதாகச் செய்தி வந்தது. பேசப்பட்ட விலை 2 முதல் 2.5 கோடி பவுண்டு. முதலில் கூவிய தொகையில் கிட்டத்தட்ட பாதி.

வங்கிக்காரனாக எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சர்ஃபேசி சட்டத்தில் நாங்கள் ஒரு வீட்டை ஏலம் விடுவதென்றால் ரிசர்வ் விலை வைக்கிறோம், பத்திரிகையில் விளம்பரம் தருகிறோம், முன்பணம் கட்டியவரை மட்டும்தான் உள்ளே விடுகிறோம். எடுத்தவர் உடனே 25 சதவீதம் கட்ட வேண்டும், மீதிக்கு 15 நாள் கெடு. கட்டாவிட்டால் கட்டியதும் போச்சு. கூவிய தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு என்பதால்தான் இத்தனை விதி.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. லண்டன் விலையும் ஹாங்காங் விலையும் இந்தியாவில் இருக்கும் பொருளுக்குப் பொருந்தாது. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அதை வாங்கி விற்கும் தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும். ஆக, வாங்க வருபவர்கள் இந்தியாவுக்குள் இருப்பவர்கள் மட்டுமே. போட்டி குறைவு, விலையும் குறைவு. "சிங்கப்பூர் பார்ட்டி இருக்கிறார், அனுப்பிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பேரரசர் ஜாடியும் இல்லை. ஊறுகாய் ஜாடி, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த தாத்தா கொண்டுவந்த டீ செட், பீங்கான் பொம்மை, செட்டிநாட்டுப் பக்கம் என்றால் அடுக்கடுக்காக எனாமல் பாத்திரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பார்த்தால், இப்படிக் காலியான வீடுகளின் சாமான்கள் கடை கடையாக இருப்பதைப் பார்க்கலாம். தவறே இல்லை. யாராவது வைத்துக் கொண்டாடினால் நல்லதுதான்.

என் ஆதங்கம் அது எப்படி அங்கே போகிறது என்பதில். அண்ணன் புனேயில், தங்கை டெல்லியில், தம்பி துபாயில். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு வீட்டை விற்க நாலு நாள் லீவில் ஒருவர் போகிறார். பத்திரப் பதிவு, இ.பி., வீட்டு வரி என்று மூன்று நாள் ஓடிவிடுகிறது. கடைசி நாள் ஒருவர் வந்து, "எல்லாத்துக்கும் சேர்த்து இவ்வளவு தரேன்" என்கிறார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கொடுத்துவிடுகிறோம். ஒரே ஆள், ஒரே நாள், மொத்தமாக ஒரு தொகை. இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் விலை அல்ல.

இதில் போகும் பணத்தை விடப் பெரிய நஷ்டம், ஐந்து வருடம் கழித்து, "அம்மாவின் ஜாடியை எவனுக்கோ கொடுத்துட்டியே" என்று தங்கை கேட்கும் கேள்வி. ஜாடிக்குப் பேச்சு நின்றுபோன குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என்னைக் கேட்டால், செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. வீட்டை விற்பதற்கு ஒரு வருடம் முன்பே, பொங்கலுக்கோ ஆடிக்கோ போகும்போது, ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுங்கள். ஜாடி என்றால் அடிப்பாகத்தையும் எடுங்கள். அங்கே இருக்கும் எழுத்தை வைத்து மட்டும் வயதைச் சொல்ல முடியாது. பழைய அரசர்களின் முத்திரையைப் பிற்காலத்தில் நிறையப் போட்டிருக்கிறார்கள்.

2. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி விரலால் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். உடைந்ததைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். விளக்கு செய்கிறேன் என்று அடியில் துளை போடாதீர்கள்.

3. தாத்தா கொண்டுவந்தார் என்றால் எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய ரசீது, அந்த ஜாடி தெரியும் கல்யாணப் போட்டோ எல்லாம் சாட்சி.

4. வெளியாளிடம் காட்டும் முன் உடன்பிறந்தவர்களுக்குள் ஏலம் விடுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். யாருக்கு எது வேண்டும், எவ்வளவு தருவார் என்று எல்லோருக்கும் தெரியச் சொல்லட்டும். சேரும் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். வேண்டியவருக்குப் பொருள், மற்றவருக்குப் பணம், மனக்கசப்பு இல்லை.

5. யாருக்கும் வேண்டாதது வெளியே போகட்டும். ஆனால் குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். தனித்தனியாக விலை சொல்லச் சொல்லுங்கள், மொத்தமாக வேண்டாம்.

இத்தனையும் செய்து கடைசியில் அந்த ஜாடி 800 ரூபாய்க்குத்தான் போகும் என்று தெரிந்தால்? பரவாயில்லை. அது மூன்று பேர் பார்த்துச் சொன்ன 800 ரூபாய். தங்கையிடம் நிம்மதியாகக் கணக்குச் சொல்லலாம். அல்லது, 800 ரூபாய்தானே என்று அவளே ஊறுகாய் போட எடுத்துக்கொண்டு போகட்டும்.