நூற்றுக்கு எழுபது

சிங்கப்பூர், 4.9.2023

மேல்சித்தாமூர் ஊராருக்கு, சமண மடத்தைச் சுற்றியுள்ள வீடுகள் முதல் காலனி வரை எல்லாருக்கும், ஜூரோங்கிலிருந்து வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து என் போன் ஓயவில்லை. "நம்ம ஆளு பிரசிடெண்ட் ஆயிட்டாராமே!" என்று மாமா, சித்தப்பா, கூடப் படித்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டீர்கள். தர்மன் சண்முகரத்னம் ஜெயித்ததில் எனக்கும் நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். யாழ்ப்பாணத்து வேர் உள்ள தமிழர் வரும் 14ஆம் தேதி இந்த நாட்டின் அதிபராகப் பதவியேற்கிறார். ஆனால் அவரை ஜெயிக்க வைத்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கே நூற்றுக்கு எழுபத்து நாலு பேர் சீனர்கள். இந்தியர் எல்லாரும் சேர்ந்தே ஒன்பதுதான். தர்மன் வாங்கியது 70.4 விழுக்காடு. எதிர்த்து நின்ற இங் கொக் சோங், டான் கின் லியான் இருவரும் சீனர்கள். இருவர் ஓட்டையும் கூட்டினாலும் முப்பது வரவில்லை. நம்மவர் மட்டும் போட்டிருந்தால் தர்மனுக்கு டெபாசிட்டே போயிருக்கும்.

அன்று ராத்திரி எங்கள் புளோக்குக் கீழே காப்பிக்கடையில் இருந்தேன். மாதிரி எண்ணிக்கையில் எழுபது என்று டிவியில் வந்ததும், டாக்சி ஓட்டி ஓய்வு பெற்ற சீனத் தாத்தா மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். ஏன் இவருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "2001லிருந்து எங்கள் எம்பி. நிதியமைச்சர் ஆன பிறகும் இங்கே வந்து உட்கார்ந்து பேசுவார்" என்றார். தமிழர் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம் என்றும் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டுப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஜூலை வரை ஆளுங்கட்சியில் இருந்தவர் அரசாங்கத்தை எப்படித் தட்டிக் கேட்பார் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். அவளும் இனத்தைப் பற்றிப் பேசவில்லை.

என் மலாய் நண்பர் சொன்னதுதான் மனசில் நிற்கிறது. 2017இல் அதிபர் பதவியை மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கினார்கள்; ஹலிமா யாக்கோப் போட்டியில்லாமல் வந்தார். "நல்ல அம்மா. ஆனால் ஓட்டுப் போட்டு அவரை உட்கார வைக்க எங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை" என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

உடனே, ஒதுக்கீடே வேண்டாம் என்கிறான் இவன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நம் பக்கம் ஒதுக்கீடு இல்லையென்றால் காலனிக்காரர் ஊராட்சித் தலைவர் நாற்காலியைத் தொட முடியுமா? ஒதுக்கியும்கூட மதுரை பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996லிருந்து பத்து வருஷம் தேர்தலை முறையாக நடக்கவிடாமல் செய்தார்கள். 2020இல் பக்கத்து கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் நாற்காலியில், தலைவி தரையில். அந்தப் படத்தை இங்கே கூட வேலை செய்கிற சீனர் ஒருவர் என்னிடம் நீட்டி, இது உங்கள் ஊர்ப் பக்கமா என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்திய ஜனாதிபதிக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. 2002இல் அப்துல் கலாம் வந்ததைக் கொண்டாடினோம். போட்டதென்னவோ எம்எல்ஏவும் எம்பியும். நம் கையால் போட்டு உட்கார வைக்கிற பிரசிடெண்ட் ஊராட்சி பிரசிடெண்ட்தான். விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் போட்டீர்கள். 2026இல் மறுபடி வரும். அப்போது எத்தனை வீட்டில் ஆளைப் பார்த்துப் போடுவார்கள், எத்தனை வீட்டில் தெருவைப் பார்த்துப் போடுவார்கள்?

நம் சமணர்களிடம், நயினார் வீடுகளில் இருப்பவர்களிடம், உரிமையோடு கேட்கிறேன். எண்ணிக்கையில் நாம் எப்போதும் சின்னக் கூட்டம். நம்மில் ஒருவர் எந்தத் தேர்தலில் நின்றாலும் மற்றவர் ஓட்டில்தான் ஜெயிக்க முடியும். அந்த அருமை தெரிந்த நாமே காலனியிலிருந்து நிற்கிறவருக்குப் போடத் தயங்கினால், தர்மனுக்குக் கைதட்ட நமக்கு என்ன யோக்கியதை?

நான் இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டேன். அங்கே எனக்கு ஓட்டு இல்லை, கேட்க மட்டும்தான் முடியும். வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு, மல்லாட்டை வேலை இருந்தாலும், வீட்டுக்கு ஒருத்தர் போங்கள். பெண்களும் போகட்டும். காலனித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஊர்த் தெருக்காரர் ஒருவர் எழுந்து கேளுங்கள். கேட்டது யார், என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை