திருட்டு நகலுக்கும் கமிஷனா?

ஒருவர் உருவாக்கிய மொபைல் விளையாட்டை இன்னொருவர் களவாடி, அதே செயலிக் கடையில் தன் பெயரில் போட்டுக் காசு பார்க்கிறார். பறிகொடுத்தவர் புகார் செய்தால், கடையை நடத்தும் நிறுவனம் பல நேரம் அந்தப் புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டு, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கப் பார்க்கிறது. விற்ற பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்வதில் மட்டும் அதற்குத் தயக்கம் இல்லை. ஆப்பிளும் கூகுளும் இந்த நடைமுறையை மாற்ற வேண்டும். அவை மாற்றாவிட்டால், மாற்ற வைக்கும் கடமை அரசுக்கு உண்டு.

இந்த அநியாயத்துக்கு வயது குறைவு இல்லை. 2011 ஜனவரியில் ஆப்பிள் மேக் கணினிகளுக்கான ஆப் ஸ்டோரைத் திறந்தது. அமெரிக்காவின் வுல்ஃபையர் என்ற மிகச் சிறிய நிறுவனம், 2005-ல் வெளியிட்ட தனது 'லுகாரு' விளையாட்டின் மெருகேற்றிய பதிப்பை அங்கே 9.99 டாலருக்கு வைத்தது. சில வாரங்களுக்குள் அதே விளையாட்டு வேறொருவர் கணக்கில் 1.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. வுல்ஃபையர் அதற்கு முந்தைய ஆண்டு மூலநிரலைப் பொதுவில் திறந்துவிட்டிருந்தது உண்மை. ஆனால் அந்த விளையாட்டில் சண்டை போடும் முயலின் உருவத்தையும், களங்களையும், ஒலிகளையும் எடுத்து விற்கும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை. விற்றவரோ தனக்கு உரிமை இருப்பதாகவே சாதித்தார். உரியவர்கள் ஆப்பிளுக்கு எழுதிக் காத்திருந்தார்கள். விஷயம் செய்தியாகிப் பரவிய பிறகுதான் போலி அகற்றப்பட்டது.

பதினோரு ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைச் சேர்ந்த விட்ச் பீம் என்ற சிறு குழு, 2021 நவம்பரில் 'அன்பேக்கிங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வீடு மாறிப் போகும் ஒரு பெண்ணின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பொருள்களை அறையில் அடுக்குவதுதான் ஆட்டம். அந்தப் பொருள்களின் வழியாகவே அவள் வாழ்க்கை நமக்குப் புரிந்துகொண்டே வரும். அதை மொபைலுக்குக் கொண்டுவர அவர்களுக்கு 2023 ஆனது. ஆனால் 2022 ஜனவரியிலேயே, அறைகளின் அமைப்பிலிருந்து பொருள்கள் வரை அதைப் பார்த்துச் செய்த ஒரு நகல், விளம்பரங்களோடு ஆப் ஸ்டோரின் இலவசப் பட்டியலில் உச்சிக்குப் போய்விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் வெளியிட்டவர்களே அதை விலக்கிக்கொண்டார்கள்.

இரண்டு சம்பவங்களிலும் நியாயத்தைக் கொண்டுவந்தது ஊரறியப் போட்ட சத்தம். சத்தம் போடும் அளவுக்குப் பெயர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதே நம் கேள்வி.

திருடுவது எவ்வளவு சுலபம் என்று பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஆண்ட்ராய்டு விளையாட்டு நம் போனுக்கு ஏபிகே கோப்பாக வந்து சேர்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விளம்பர வருமானம் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் ஓர் அடையாள எண் உள்ளே இருக்கும். திருடுபவர் அதை எடுத்துவிட்டுத் தன் எண்ணை வைக்கிறார். பெயரையும் ஐகானையும் கொஞ்சம் மாற்றுகிறார். தன் டிஜிட்டல் கையொப்பத்தோடு மீண்டும் கட்டி ஏற்றுகிறார். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரு முறை கட்டும் கட்டணம் 25 டாலர்தான். வேலையை முடித்து வந்து இரவுகளில் கண்விழித்து ஒருவர் எழுதிய நிரலின் பலன், அதன் பிறகு இன்னொருவர் வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே ஏற்கிறது. புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் பிறர் படைப்புகளை ஏற்றிவைக்கும் இடைநிலை நிறுவனம் அந்தப் படைப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அதை மீண்டும் திறந்துவிடலாம். அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்திலும், எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பிவிட்டால், 10 முதல் 14 வேலை நாள்களில் வழக்குத் தொடுத்தாக வேண்டும். இல்லையேல் நகல் திரும்பி வந்துவிடும். மாதம் சில ஆயிரம் ரூபாய் ஈட்டும் விளையாட்டுக்காக எந்தத் தனி மனிதர் வக்கீல் வைத்து வழக்காட முடியும்? பறிகொடுத்தவர் தலையிலேயே முழுப் பாரமும் விழுகிறது.

தமிழகத்துக்குத் திருட்டுப் பிரதியின் வலி தெரியும். 2004-ல் மாநில அரசு திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தது. ஆனால் அந்த விசிடிகள் நடைபாதையில் விற்றன. தியேட்டரின் டிக்கெட் கவுன்டரில் விற்றதில்லை. விளையாட்டுகளின் விஷயத்தில் அசலும் நகலும் ஒரே கவுன்டரில் இருக்கின்றன. அசல் விற்றாலும் நகல் விற்றாலும் கடைக்குப் பெரும்பாலும் 15 அல்லது 30 சதவீதம் உண்டு. நகல் இலவசமாக இருந்து, விளம்பரம் கூகுளின் சொந்த விளம்பரச் சேவையான ஆட்மாப் வழியாக வந்தால் அங்கேயும் கூகுளுக்குப் பங்கு. பங்கு வாங்குகிற நிறுவனம், தான் வெறும் இடம் கொடுத்தவன்தான் என்று சொல்வது ஏற்கக்கூடியது அல்ல.

எனவே நாம் வற்புறுத்துவது மூன்று. முதலாவது, புதிதாக ஏறும் ஒவ்வொரு விளையாட்டையும் கடையில் ஏற்கெனவே இருப்பவற்றின் படங்கள், ஒலிகள், நிரலோடு ஒப்பிட வேண்டும். இசையையும் படத்தையும் இப்படி ஒப்பிடும் 'கன்டென்ட் ஐடி' முறையைக் கூகுள் 2007-லேயே யூடியூபுக்காகக் கொண்டுவந்துவிட்டது. இசை நிறுவனங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, தனி ஆளாக விளையாட்டு உருவாக்குபவருக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆதாரத்தோடு புகார் வந்தால் தகராறு தீரும் வரை அந்தச் செயலியின் வருமானத்தை நிறுத்திவைக்க வேண்டும். கூகுள் ஒரு மாத விற்பனைப் பணத்தை அடுத்த மாதம்தான் கொடுக்கிறது. ஆப்பிள் அதைவிடவும் தாமதமாகக் கொடுக்கிறது. பணம் கடையின் கையில் இருக்கும்போதே தடுத்துவிட்டால், ஓடிப் போனவரைத் துரத்த வேண்டியதில்லை. திருட்டு உறுதியானால் அந்தப் பணம், கடை எடுத்த கமிஷனும் சேர்த்து, உரியவருக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, புகாரை ஒரு மனிதர் படித்து, இத்தனை நாளுக்குள் காரணத்தோடு பதில் தருவார் என்ற உறுதி வேண்டும். நேர்மையான புதியவர்களிடம் கண்டிப்புக் காட்டக் கூகுளுக்குத் தெரிகிறது: 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், 12 பேரை வைத்து 14 நாள் சோதித்த பிறகே விளையாட்டைப் பொதுவில் வெளியிட முடியும். அந்தக் கண்டிப்பு திருடுபவர் பக்கமும் திரும்பட்டும்.

பொய்ப் புகார்களால் போட்டியாளரை முடக்குவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் செயலியை உடனே அழிக்கச் சொல்லாமல், பணத்தை நிறுத்திவைக்கச் சொல்கிறோம். பொய்ப் புகார் என்று தெரிந்தால் நிறுத்திய பணம் முழுதும் திரும்பப் போகட்டும். பொய் சொன்னவரின் கணக்கு முடங்கட்டும். ஒரு கருத்தை யாரும் சொந்தம் கொண்டாடலாகாது என்பதிலும் நமக்கு மறுப்பில்லை. ஒரு விளையாட்டைப் பார்த்து இன்னொன்று பிறப்பதால்தான் இந்தக் கலை வளர்கிறது. பிறர் வரைந்த படத்தையும், அமைத்த களத்தையும், எழுதிய நிரலையும் அப்படியே தூக்கிக்கொண்டு போவதைத்தான் எதிர்க்கிறோம். இந்த எல்லையை நீதிமன்றமும் வகுத்திருக்கிறது. ஆட்ட விதி எல்லோருக்கும் பொது, அதன் தோற்றத்தையும் வெளிப்பாட்டையும் அப்படியே எடுப்பது மீறல் என்று 2012-ல் டெட்ரிஸ் விளையாட்டின் நகல் பற்றிய வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இது நமக்கும் வேண்டிய போராட்டம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, இட்லியும் புட்டும் சமைக்கும் ஆட்டமாகச் சொன்ன 'வெண்பா' 2023-ல் வந்தது. டொரண்டோவின் சிறு குழு ஒன்றின் அந்தப் படைப்பு, மறு ஆண்டே பாஃப்டா விருது பெற்றது. இப்படிப்பட்ட கதைகளைப் பெரிய நிறுவனங்கள் எடுப்பது அபூர்வம். சிறு குழுக்களை நம்பித்தான் நாம் இருக்கிறோம். உழைப்பின் பலன் கைக்கு வராது என்று தெரிந்தால் அடுத்த விளையாட்டை அவர்கள் எழுத மாட்டார்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்ததோடு, மற்ற விளையாட்டுகளை வளர்க்கப் போவதாகவும் சொல்கிறது. வளர்ப்பதில் மத்திய அரசுக்கு அக்கறை இருந்தால், மேற்சொன்ன மூன்றையும் இந்தியாவில் செயல்படும் எல்லா செயலிக் கடைகளுக்கும் கட்டாயமாக்கட்டும். திருட்டு நகலில் வந்த கமிஷனைத் திருப்பிக் கொடுக்கும் விதியிலிருந்து அது தொடங்க வேண்டும். அந்த வருமானம் போனால், நகலை வாசலிலேயே தடுக்கும் வழியைக் கடைகளே கண்டுபிடித்துவிடும்.